வரிசை காற்புள்ளி, எண் பதினான்கு

அந்த நகராட்சி காகிதத்தை ஒழித்துக்கட்டி இருபத்தாறு வருடம் ஆகிறது. 'முதல் காகிதமில்லா நகராட்சி' என்று பொறித்த கேடயத்தை அலுவலக வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபடியே வரிசையில் நின்று ஜன்னலை அடைந்தால், மனுவை மூன்று படிகளில் கேட்பார்கள். ஒன்று கோப்புக்கு. இன்னொன்று கோப்பின் நகலுக்கு. மூன்றாவது எதற்கு என்று கேட்டவர்கள் யாரும் பதிலோடு திரும்பியதில்லை.

டைப் அக்கா மூன்று படிகளோடுதான் போனாள். நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு ஆள் திரும்ப வேண்டுமென்றால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவில் ஒரு கடை அவளுடையது. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன். முப்பது வருடமாக ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். 'தாங்கள் கருணை கூர்ந்து' என்பதை அவள் விரல்கள் தூக்கத்திலும் அடிக்கும். ஆனால் ஒரு மனுவின் கீழே தன் பெயரையே அடித்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய இடுகாட்டை எடுத்துவிட்டு, அங்கே ஐந்தடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தது. அங்கே தங்கள் மனிதர்களைப் புதைத்தவர்கள் தொண்ணூறு நாளைக்குள், குழி எண்ணுக்கான பதிவேட்டு நகலோடு வந்தால், எச்சங்களை எடுத்து ஊருக்கு வெளியே புது இடுகாட்டில் வைத்துக்கொள்ளலாம். குழி எண் இல்லாதவர்கள் அபிவிருத்திக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கடைசி வரி சொன்னது.

டைப் அக்காவின் மகன் அங்கே இருந்தான். பதினோரு நாள் உயிரோடு இருந்தான். இருபத்தாறு வருடமாக அங்கே இருந்தான். அவன் போனபோது அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வீட்டுக்காரர் சரக்கு லாரியோடு மூன்று நாள் தொலைவில் இருந்தார். அவருடைய அண்ணன்தான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தார். குழந்தைகள் பகுதியில் கல் நட அனுமதி கிடையாது. எண் எழுதிய மரக்குச்சி மட்டும்தான். அவள் எழுந்து நடமாடி அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த வருட மழை குச்சிகளையெல்லாம் கொண்டுபோயிருந்தது. அண்ணன் "இந்தப் பக்கம்தாம்மா" என்று கையை ஒரு வீச்சு வீசினார். அந்த வீச்சுக்குள் அரை ஏக்கர் இருந்தது. இப்போது அவரும் இல்லை.

பையனுக்குப் பெயர் வைக்கவில்லை; யோசித்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கவில்லை. பிழைக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். அவன் இந்த உலகத்துக்கு வந்துபோனதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி நகராட்சியின் புதைப்புப் பதிவேடுதான்.

பதிவாளர் மரியாதையான மனிதர். மனுவைப் படித்துவிட்டு உட்காரச் சொன்னார். அந்த வருடத்துப் பதிவேடுகள் காகிதத்தில் இல்லை என்றும், கேடயம் வாங்கிய வருடத்திலேயே எல்லாவற்றையும் கூழாக்க அனுப்பிவிட்டார்கள் என்றும், அதற்கு முன்பே பொறுப்பாக ஃபிளாப்பிகளில் ஏற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். எழுந்துபோய்ச் சாவி போட்டு ஓர் இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே கறுப்புச் சதுரங்கள் வரிசை வரிசையாக, பல் துலக்கிய வாய்போல் சுத்தமாக இருந்தன.

"ஒரு பதிவுகூடத் தொலையலம்மா. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு. தினமும் காலைல எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடறோம்."

இதை எதில் போட்டுப் படிப்பீர்கள் என்று அவள் கேட்டாள். பதிவாளர் முகத்தில் லேசாக வருத்தம் தெரிந்தது.

"படிக்கிறதா? பாதுகாக்கறதுதாம்மா எங்க பொறுப்பு. படிச்சுப் படிச்சுத்தானே பழைய பதிவேடெல்லாம் கிழிஞ்சுபோச்சு. இதப் பாருங்க, இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் கை படல. புத்தம் புதுசா இருக்கு."

அலுவலகத்தில் இருந்த கணினிகள் எல்லாம் புதியவை. ஃபிளாப்பி நுழைகிற வாய் எதிலும் இல்லை. வெளியே வைத்துக் கம்பியால் இணைக்கிற டிரைவ் உள்ளங்கை அளவில் கிடைக்கிறதே என்றாள் டைப் அக்கா. கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றார் பதிவாளர், அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது என்ற நம்பிக்கையில். அவள் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கணினிகளில் கம்பியைச் செருகும் துளைகள் எல்லாவற்றையும் பசை ஊற்றி அடைத்திருப்பது தெரிந்தது. எப்போதோ ஒரு குமாஸ்தாவின் பென் டிரைவில் வைரஸ் வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. கணினிப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருந்தார், அடைத்தது அவர்தான். இரண்டு கணினிகளில் வேகத்தில் கீபோர்டின் துளையையும் அடைத்துவிட்டார். அந்த இரண்டு கணினிகளின் முன்னாலும் இரண்டு பேர் தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து ஐந்து மணிக்கு எழுந்து போகிறார்கள்.

பாதுகாப்பு அலுவலர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். "உள்ள வர வழி இருந்தாத்தானே ஆபத்து வரும்? இப்ப இந்த ஆபீசுக்குள்ள எந்தத் தகவலும் வர முடியாது. வெளிய போகவும் முடியாது. நூத்துக்கு நூறு பாதுகாப்பு."

ஃபிளாப்பியைக் கடைக்குக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவேன் என்றாள். பதிவாளர் பீரோவை மூடிவிட்டார். ஃபிளாப்பி வாசலைத் தாண்டக் கூடாது. அவளுடைய கணினி வாசலுக்குள் வரக் கூடாது. இரண்டும் சந்திக்க வேண்டுமென்றால் வாசற்படியில்தான் சந்திக்க வேண்டும். வாசற்படி பொதுப்பணிப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருந்தது.

பசை படாத கணினி ஒன்று இருந்தது. ஆணையருடையது. ஆணையர் தன் செல்போனுக்கு அதில் சார்ஜ் ஏற்றிக்கொள்வார் என்பதால் அதைத் தொடவில்லை. அதில் படித்துப் பார்க்க அனுமதி கேட்டு மூன்று படிகளில் இன்னொரு மனு கொடுத்தாள். மனுவின் மேல் நடவடிக்கை எடுக்க 'பழைய ஊடக வாசிப்புக் குழு' என்று ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு நான்கு முறை கூடியது. முதல் கூட்டத்தில் ஃபிளாப்பி என்பது ஆவணமா, பொருளா என்ற கேள்வி எழுந்தது. ஆவணம் என்றால் பதிவுப் பிரிவு; பொருள் என்றால் பண்டகசாலை. பண்டகசாலைக்காரர் தடித்த விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து, ஃபிளாப்பியின் ஆயுள் ஐந்து வருடம் என்று வாசித்துக் காட்டினார். அதன்படி அவை எல்லாம் இருபத்தொரு வருடத்துக்கு முன்பே செத்துவிட்டன. செத்த பொருளிலிருந்து தகவல் எடுத்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டிவரும். நாலாவது கூட்டத்தில், வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் ஃபிளாப்பியை உயிரோடு இருப்பதாகக் கருதலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

தொண்ணூறில் ஐம்பத்து நான்கு நாள் போயிருந்தது.

வாசிப்பதை ஒரு விழாவாகவே வைத்துவிட்டார்கள். ஆணையர் அறையில் 'கடந்த காலத்தின் கதவு திறக்கிறது' என்று பேனர் கட்டியிருந்தது. பையன் போன மாதத்தின் சீட்டு ஒட்டிய ஒரு ஃபிளாப்பியை வெல்வெட் துணி விரித்த தட்டில் கொண்டுவந்தார்கள். ஆணையர் இருபது நிமிடம் பேசினார். தகவல் என்பது மக்களின் சொத்து என்றார். சொத்தைக் கண்டவர் கையிலும் கொடுத்துவிட முடியாது என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் ஃபிளாப்பியைத் தலைகீழாகச் செருகி அழுத்தினார். மறுபடி அழுத்தினார். டைப் அக்கா முன்னால் வந்து, யாருக்கும் தெரியாத மாதிரி அதைத் திருப்பிப் போட்டாள்.

டிரைவ் கரகரவென்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.  அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பக்கத்துத் தொட்டிலிலிருந்து குழந்தையின் மூச்சு இப்படித்தான் இழுத்து இழுத்து வந்ததாக நர்ஸ் பிறகு சொல்லியிருந்தாள். பிறகு திரை நிரம்பியது.

திரையில் இருந்தவை ஆங்கில எழுத்துகள். ஆணையர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"எல்லாத்தையும் ஆங்கிலத்துலயே வச்சிருக்காங்க. அந்தக் காலத்துலயே என்ன ஒரு தொலைநோக்கு."

டைப் அக்காவின் கண் ஒரு வரியில் நின்றுவிட்டது.

Mz; Foe;ij. 11 ehs;. gFjp c. tupir ,. vz; 14.

அவள் உதடு அசையவில்லை. விரல்கள்தான் தொடையின் மேல் அசைந்தன. இந்த எழுத்துகளை அவள் ஆயிரம் தடவை அடித்திருக்கிறாள். அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் மேலேயே தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். சின்ன எம்மைத் தட்டினால் அ, பெரிய எம்மைத் தட்டினால் ஆ. சி விசையைத் தட்டினால் உ. காற்புள்ளி விசையைத் தட்டினால் இ. அந்தப் படங்கள் அடங்கிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் எந்த விசையைத் தட்டினார்களோ அதுதான் தெரியும். ஆணையரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அவள் விரல்களில் இருந்தது.

"ஆண் குழந்தை. பதினோரு நாள்," என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். "பகுதி உ. வரிசை இ. எண் பதினாலு." பிறகு அதே வரியில் இருந்த தன் பெயரையும், வீட்டுக்காரர் பெயரையும், அப்போது குடியிருந்த தெருவையும் படித்தாள். அவள் என்ன படித்தாள் என்பதை அறையில் யாரும் கவனிக்கவில்லை. சி என்று இருப்பதை உ என்று ஒரு பெண்பிள்ளை படித்ததைத்தான் கவனித்தார்கள்.

பதிவாளர் மெதுவாகச் சொன்னார். "நீங்க மனுதாரர்மா. மனுதாரரே தன்னோட பதிவைப் படிக்கிறது முறையில்ல. நாளைக்கு எல்லாரும் வந்து அவங்கவங்க பதிவை அவங்களே படிச்சுக்கிட்டா நாங்க எதுக்கு இங்க?"

 

ஆங்கில எழுத்தாக இருப்பதால் அரசு அங்கீகாரம் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். அவர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: இது ஆங்கிலம் அல்ல, நான் அறிந்த வேறெந்த மொழியும் அல்ல, எனினும் நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் சரியாக உள்ளன. அவளுக்கு, கேட்டபடியே, பதிவேட்டு நகல் வழங்கப்பட்டது. இருபத்திரண்டு வரி கொண்ட ஒரு பக்கம் முழுவதும் அப்படியே அச்சடித்து, கீழே 'உண்மை நகல்' என்று வட்ட முத்திரை குத்தி, பதிவாளர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

படிக்க முடியாத ஒன்றை உண்மை நகல் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நம்மால படிக்க முடியலைங்கறதால உண்மை பொய்யாயிடுமாம்மா?" என்றார் பதிவாளர். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு இடுகாட்டுக்குப் போனாள். அவர் இப்போது சின்ன வேன் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். காவலாளி நகலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த இடுகாட்டில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று ஆறு பகுதிதான் உண்டு, சி என்று ஒன்று கிடையாது என்றார். உ பகுதியைக் காட்டச் சொன்னாள். காட்டினார். மூலைக்கல்லில் 'உ' என்று செதுக்கியிருந்தது. அங்கிருந்து அ, ஆ, இ என்று மூன்றாவது வரிசை. வரிசையின் தொடக்கத்திலிருந்து இரண்டு இரண்டு அடியாக எண்ணிக்கொண்டே போய்ப் பதினாலில் நின்றாள். எருக்கஞ்செடி ஒன்று முளைத்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

காவலாளி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போவேன், திரும்ப மூன்று மணி ஆகும் என்று பொதுவாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் வேனைப் பார்த்தார். வேனில் மண்வெட்டி இருந்தது. "எடுத்துட்டுப் போயிடலாம்," என்றார். "இவங்க பேப்பர் நமக்கு எதுக்கு?"

அவள் வேண்டாம் என்றாள். "பேரும் இல்ல, படமும் இல்ல. அந்த ஒரு வரிதாங்க இருக்கு. அதையும் விட்டுட்டுத் திருட்டுப் பொருள் மாதிரி தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? பத்துப் பேர் பார்க்க, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போவோம். இன்னும் முப்பது நாள் இருக்கு."

முப்பது வருடம் மனு அடித்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு அவள் பல தடவை சொன்னாள். அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பழைய எழுத்துரு அவள் கடையில் ஒரு சி.டி.யில் கிடந்தது. அதை ஆணையரின் கணினியில் ஏற்றினால் எல்லாம் தமிழாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தாள். பாதுகாப்பு அலுவலர், எழுத்துருவும் ஒரு மென்பொருள்தான், அதைத் தயாரித்தவரின் உறுதிமொழிக் கடிதம் வேண்டும் என்றார். சி.டி. உறையில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார்கள். 'இங்கே யாரும் இல்லை' என்று திரும்பி வந்தது. உண்மை நகலில் இருந்த எழுத்துகளை அப்படியே தன் கடையில் தட்டி, எழுத்துருவை மாற்றி, தெளிவான தமிழில் அச்செடுத்துக் கொண்டுபோனாள். பதிவாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவித் தடவி ஒப்பிட்டார்.

"ஒரு எழுத்துகூட ஒத்துப்போகலையேம்மா," என்றார்.

எண்பத்து மூன்றாம் நாள் குறியீட்டு விளக்கக் குழு என்று ஒன்று கூடி, ஒரே அமர்வில் முடிவெடுத்தது. இவ்வளவு வேகமாக ஒரு குழு முடிவெடுத்தது அந்த நகராட்சி வரலாற்றில் அதுவே முதல் முறை என்று குறிப்பிலேயே எழுதிக்கொண்டார்கள். சி என்பது ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து. ஆகவே அது மூன்றாவது பகுதியான இ பகுதியைக் குறிக்கும். வரிசை என்ற இடத்தில் வெறும் காற்புள்ளி இருக்கிறது. காற்புள்ளி என்றால் சற்று நிற்க வேண்டும் என்று பொருள். ஆகவே மேற்கொண்டு போகாமல் முதல் வரிசையிலேயே நிற்க வேண்டும். எண் பதினான்கு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த முடிவு அவளுக்கு அனுப்பப்படவில்லை. எண்பத்தெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு இடுகாட்டுக்கு வரவும் என்று மட்டும் தகவல் வந்தது. வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அவள் புதிதாக ஒரு வெள்ளைத் துணி வாங்கி வைத்துக்கொண்டாள்.

பந்தல் போட்டிருந்தது. புகைப்படக்காரர் வந்திருந்தார். ஆணையர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். ஒரு தாயின் கண்ணீரைத் தொழில்நுட்பத்தால் துடைத்த நாள் இது என்றார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தோண்டி முடித்திருந்தார்கள். இ பகுதியில், முதல் வரிசையில்.

அவள் பதிவாளரிடம் ஓடினாள். இது இல்லை, இது இல்லை, அந்தக் கோடியில் எருக்கஞ்செடி பக்கத்தில் என்று கையைக் காட்டினாள். அங்கே புல்டோசர் ஒன்று முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தது. பதிவாளர் அவளைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப்போனார். குழுவின் முடிவின் மேல் முறையிட முப்பது நாள் அவகாசம் உண்டு என்றார். புல்டோசர் எப்போது வேலையைத் தொடங்கும் என்று வீட்டுக்காரர் கேட்டார். நாளன்றைக்கு என்றார் பதிவாளர்.

மரப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார்கள். மூடியில் சீட்டு ஒட்டியிருந்தது: ஆண் குழந்தை, பதினோரு நாள், அவள் பெயர். பக்கத்தில் ரசீதுப் புத்தகம். 'என் மகனின் எச்சங்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.'

டைப் அக்கா கைப்பையிலிருந்து உண்மை நகலை எடுத்தாள். இருபத்திரண்டு வரி. விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வரியில் நின்றாள்.

ngz; Foe;ij. 6 ehs;. gFjp ,. tupir m. vz; 14.

பெண் குழந்தை. ஆறு நாள். பகுதி இ, வரிசை அ, எண் பதினாலு. அதன் பின்னால் ஒரு தாயின் பெயர், ஒரு தெரு, ஒரு கதவு எண். குழுவின் கணக்குப்படி எம் என்றால் பதின்மூன்றாவது வரிசை. அது இடுகாட்டு மதிலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் வரும். அதைத் தேடி யாரும் இனிமேல் தோண்டப்போவதில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் இந்தப் பெட்டி என்னவாகும் என்று கேட்டாள். கோரப்படாத பொருளாகப் பண்டகசாலைக்குப் போகும் என்றார்கள்.

வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் கேவிக்கொண்டு வந்தது. ஆனால் கேவினால் புகைப்படக்காரர் அதைத்தான் எடுப்பார் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள். அது எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ஆணையர் பெட்டியின் மேல் ஒரு கையும் அவள் தோளுக்கு அரையடி மேலே இன்னொரு கையும் வைத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் எருக்கஞ்செடி போயிற்று. வீட்டுக்காரர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நகலில் இருந்த கதவு எண்ணில் இப்போது டியூஷன் சென்டர் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டில் பழைய ஆள் ஒருவர் இருந்தார். அந்தம்மா இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள் என்று சொன்னார். டைப் அக்கா தனியாகத்தான் போனாள். பெட்டியை எடுத்துப்போகவில்லை; நகலை மட்டும் எடுத்துப்போனாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று பஸ்ஸில் போகும்போது நாலைந்து விதமாக யோசித்தாள். எல்லாமே மனு மாதிரி வந்தன.

கண்ணாடிக் கடைக்காரம்மா அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். கையில் துடைக்கிற துணியோடு கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பொண்ணுதானே? நிச்சயமாத் தெரியுமா?"

பெண் குழந்தை, ஆறு நாள் என்று இருக்கிறது என்றாள் டைப் அக்கா. அந்த வரியைக் காட்டினாள்.

"அஞ்சுதான்," என்றாள் அவள். "ஆறாவது நாள் அவளுக்கு விடியல."

அவளும் அறிவிப்பு வந்த வாரமே நகராட்சிக்குப் போயிருக்கிறாள். ஃபிளாப்பிகளைப் படிக்க வழியில்லை என்று பதிவாளர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்துவிட்டாள். இவ்வளவு தூரம் சண்டை போடலாம் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடி ஒன்றை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

"உங்களோடது?" என்று கேட்டாள்.

"அங்கேயேதான்," என்றாள் டைப் அக்கா.

மூவரும் வேனில் பெட்டியை எடுத்துக்கொண்டு புது இடுகாட்டுக்குப் போனார்கள். அங்கே வாசலில் புது அறை, புது மேசை. மேசையில் காகிதமே இல்லை. ஓர் இளைஞர் பலகை மாதிரி ஒரு கணினியை மடியில் வைத்துக்கொண்டு விவரம் கேட்டார். பெண் குழந்தை என்று சொன்னார்கள். பெட்டியின் மேல் ஆண் குழந்தை என்று இருக்கிறதே என்றார். நடந்ததை டைப் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் அனுதாபத்தோடு கேட்டார். ஆனால் சீட்டில் இருப்பதைத்தான் ஏற்ற முடியும் என்றார். மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைத் திரும்ப ஒப்படைத்து, புதிதாக மனு செய்ய வேண்டும். சரி, தாயின் பெயர் என்ற இடத்தில் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவராகப் பேசியது ஆச்சரியமாக இருந்தது. இளைஞர் ஒரு முறை முயன்று பார்த்தார். "ஒரு ஆளுக்கு ஒரு அம்மாதான் சார் இது எடுத்துக்குது," என்றார். பிறகு, இனிமேல் அந்தக் காலத்துச் சிக்கலெல்லாம் வராது, ஃபிளாப்பி கிடையாது, எல்லாம் மேகத்தில் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். வீட்டுக்காரர் ஜன்னல் வழியே மேலே பார்த்தார். வானம் வெறிச்சென்று இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரம்மா பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"போடச் சொல்லுங்க," என்றாள். "உங்க பையன் பேர்லயே போடச் சொல்லுங்க. எப்படியும் நம்ம ரெண்டு பேரும்தானே வந்து பார்க்கப்போறோம்?"

"பையனுக்குப் பேர் இல்லைங்க," என்றாள் டைப் அக்கா.

"இவளுக்கும்தான்."

இளைஞர் ஏற்றினார். ஆண் குழந்தை, பதினோரு நாள், தாய் டைப் அக்கா. கணினி டிங் என்று ஒலித்தது. குழிக்கு எண் கொடுத்தார்கள். அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னபோது, செல்போனுக்கு வரும் என்றார்கள். வரவில்லை.

பெட்டியை இறக்கி மண் தள்ளியாயிற்று. வீட்டுக்காரர் கை கழுவ குழாயைத் தேடிப் போனார். கண்ணாடிக் கடைக்காரம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழியின் விளிம்பிலிருந்து மதில்வரை ஒவ்வொரு அடியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பத்தொன்று என்றாள். டைப் அக்கா அதே இடத்திலிருந்து நடந்தாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வந்தது. அவள் கால் சின்னது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.